ஐந்தரைக் கட்டை

ஜூன் 3

கதாநாயகி அவர்களுக்கு,

நீ ஊர் ஊராக நாடகம் போடக் கிளம்பி இன்றோடு பதினோரு நாள். "இனிமே ஏதாவது சொல்லணும்னா லெட்டர் போடுங்க. ஃபோன்ல உங்க குரலக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்கும்" என்று நடுமேடையில் முப்பது பேர் முன்னால் சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினாய். சரி, லெட்டர் போடுகிறேன்.

அன்று ஒத்திகையில் நான் சொன்னதில் என்ன தப்பு? வாத்தியக்காரர்களை நடத்துகிறவன் மேடைக்குக் கீழே நின்று கை ஆட்டுகிறான். பாடுகிறவள் கண் அந்தக் கையில் இருக்க வேண்டும். உன் கண் நெட்டையின் முகத்தில் இருந்தது. "கண்ணு இங்க இருக்கட்டும், கதாநாயகன் எங்கயும் ஓடிட மாட்டான்" என்றேன். இசையமைப்பாளனாகத்தான் சொன்னேன், கணவனாகச் சொல்லவில்லை. பொய் எதற்கு, கொஞ்சம் கணவனாகவும் சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மைக் அண்ணன் ஒவ்வொரு ஊரிலும் நாடகத்தைக் கேசட்டில் பதிந்து எனக்கு அனுப்புகிறார். வாத்தியம் ஒழுங்காக வாசிக்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டேன். இரண்டாம் அங்கத்து ஜோடிப் பாட்டில், உச்சிக்கு ஏறப் போகிற இடத்தில், நான் எழுதாத ஓர் இடைவெளி வருகிறது. நாலு வினாடி. உன் குரலும் இல்லை, அவன் குரலும் இல்லை. புல்லாங்குழல் மட்டும் போக்கிடம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள். எதைப் பார்த்து விசில் அடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் எழுதிய பாட்டில் கட்டிப்பிடிக்கிற இடம் ஒன்றுமே கிடையாது.

அது போகட்டும். அந்த உச்சி வரியை ஏன் நெட்டை பாடுகிறான்? ஐந்தரைக் கட்டை சுருதியில் கூரையைத் தொடுகிற குரல் என்று போஸ்டரிலேயே போட்டு, பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐந்தரை அம்மா" என்று கூப்பிடுகிற உனக்கு, மேல் வரி பாட இன்னொருத்தன் எதற்கு? ஐந்தரையைக் கட்டிக்கொண்டவனுக்கு ஏழரை தனியாக வர வேண்டியதில்லை என்று என் அக்கா கல்யாணத்தன்றே சொன்னாள்.

பதில் எழுது.

உன் கணவன்


ஜூன் 8

இசையமைப்பாளரும் துப்பறியும் நிபுணருமான என் கணவருக்கு,

ஒற்றன் வைத்திருக்கிறீர்களா? மைக் அண்ணன் ஒரு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவர் எனக்குத் தெரியாமல் கேசட் அனுப்புகிறார் என்றால், நீங்கள் அந்த மனிதரை என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும்! நேற்று ஒப்பனை அறையில் அவரைப் பிடித்துக் கேட்டேன். "வாத்தியம் கேக்கத்தாம்மா கேட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாலு வினாடியில் நெட்டை என்னை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி நிறுத்துகிறான். என் முதுகு ஜனங்கள் பக்கம் வருகிறது. பாவாடை விரிந்து சுழல்கிறது, அதற்குத்தான் விசில். வேறு ஒன்றும் இல்லை. ஏன் திருப்புகிறான் என்று கேட்காதீர்கள், புதிதாக ஏதாவது செய்து பார்க்கக் கூடாதா? மேல் வரியை ஒரு நாளாவது பாட வேண்டும் என்று அவனுக்கும் ஆசை இருக்காதா? எனக்கு மடியில் கனமில்லை.

நெட்டையின் மனைவிக்கு இது ஏழாம் மாதம். அவன் அரிதாரத்தைத் துடைக்கும்போதே இன்னொரு கையால் அவளுக்குக் கடிதம் எழுதுகிறவன். காகிதம் பூராவும் பவுடர். அவனும் ஒரு கணவன்தான்.

நீங்கள் அங்கே உட்கார்ந்து என் முதுகை எண்ணிக்கொண்டிருக்காமல் புது நாடகத்துப் பாட்டுகளை அனுப்புங்கள். ஜூலை இருபதாம் தேதி போஸ்டர் அச்சுக்குப் போகிறது என்று முதலாளி எழுதியிருக்கிறார். அதற்குள் நான் பாடிப் பார்க்க வேண்டாமா?

ஐந்தரை


ஜூன் 17

அன்புள்ள உனக்கு,

இத்துடன் இரண்டு பாட்டு இருக்கிறது. நிதானமாகப் பாடிப் பார்.

நெட்டையைப் பற்றி எழுதியதை மறந்துவிடு. அவன் நல்லவன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாடகத்துக்கு முன்னால் யாரிடமும் சத்தம் போடாதே. வெந்நீர் குடி.

உன் கணவன்


ஜூன் 22

என் கணவரின் கையெழுத்தில் எழுதியிருக்கும் அந்த மனிதருக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நெட்டை நல்லவனா? இரண்டு வாரத்துக்கு முன்னால் அவனைக் கண்டதுண்டமாக வெட்டிப் போட்டிருப்பீர்கள், இன்றைக்கு நல்லவன். வெந்நீர் வேறு குடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பதினாலு வருஷத்தில் எனக்கு நூற்றி மூன்று ஜுரம் அடித்தபோதுகூட "ரெண்டாவது சரணம் மட்டும் பாடிட்டுப் படுத்துக்க" என்றவர் நீங்கள். ஒரு புருஷன் திடீரென்று அன்பாக இருந்தால் பெண்டாட்டி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். நான் இருக்கிற இடத்திலிருந்து அது முடியாது. அதனால் தாளைப் பார்த்தேன்.

இரண்டு தாளிலும் மேல் மூலையில், எப்போதும்போல், பென்சிலில் சுருதி குறித்திருந்தீர்கள். நாலரைக் கட்டை.

யாருடைய சுருதி அது? என் சுருதி என்ன என்று டிக்கெட் கிழிக்கிறவருக்குக்கூடத் தெரியும். உங்களுக்கு மறந்துவிட்டதா? ஒரு தாளில் கைதவறி எழுதலாம். இரண்டிலுமா? பாடியும் பார்த்தேன். உச்சி என்று ஒன்று அந்தப் பாட்டுகளில் இல்லவே இல்லை. யார் அளவுக்கோ தைத்த ரவிக்கையை எனக்கு அனுப்பி, போட்டுப் பார் என்கிறீர்கள்.

யார் அளவு என்று எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். உங்கள் அக்கா கார்டு போட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "தெனம் மூணு மணிக்கு அந்த அணில் பொண்ணு வருது. ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிறாங்க. அஞ்சு மணிக்குத்தான் தெறக்குறாங்க. பாட்டுச் சத்தம் கேக்குது. நடுநடுவுல கேக்கல. நான் எதுவும் சொல்லல, நீ தப்பா நெனச்சுக்காத."

அணில்! கோஷ்டியில் கடைசி வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவள். உருவம்தான் அணில், குரல் அண்டாவுக்குள்ளிருந்து வரும். அவளுக்கு நாலரைக் கட்டை அளவெடுத்தாற்போல இருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துத்தான் வெந்நீர் குடிக்கச் சொன்னதா?

ஐந்தரை


ஜூன் 26

அன்புள்ள உனக்கு,

அக்கா எழுதியதை நம்பாதே. கதவைச் சாத்துவது, வெளியே அவள் மிக்ஸி போடுகிற சத்தத்துக்காக. நடுநடுவில் பாட்டுச் சத்தம் நிற்பது, நான் தாளில் திருத்தி எழுதுகிற நேரம். பாட்டுப் போட்டால் யாராவது பாடிக் காட்ட வேண்டாமா? நீ இங்கே இல்லை. அந்தப் பெண் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அவ்வளவுதான்.

சுருதி விஷயம். புது நாடகம் போடப் போகிற அரங்கத்தில் கூரை தாழ்வு, மேலே போனால் எதிரொலிக்கும். அதோடு புல்லாங்குழல்காரர் புதுக் குழல் வாங்கியிருக்கிறார், அது நாலரையில் நன்றாகப் பேசுகிறது. அதோடு இப்போதெல்லாம் ஜனங்கள் இறங்கிப் பாடுவதைத்தான் கேட்கிறார்கள்.

தொண்டை எப்படி இருக்கிறது?

உன் கணவன்


ஜூலை 1

உங்களுக்கு,

ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். மூன்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த அரங்கத்தில் நாம் இரண்டு நாடகம் போட்டிருக்கிறோம், கூரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். புல்லாங்குழல்காரர் என்னோடு இங்கே பஸ்ஸில் இருக்கிறார். போன வாரம்கூடப் பழைய குழலைத்தான் நூல் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தார். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் ஒத்திகை பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. கோஷ்டியில் ஆடுகிற ஒருத்திக்கு ஊரிலிருந்து கடிதம் வந்ததாம். முதலாளி நம் வீட்டுக்கு வந்தாராம், அணில் பாடுவதைக் கேட்டாராம், எழுந்து நின்று கை தட்டினாராம். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து நான் பார்த்ததில்லை. அவள் இதைச் சொல்லும்போது ஒப்பனை அறையில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் புருவம் வரைந்துகொண்டிருந்தேன். கோணலாகப் போய்விட்டது.

நேராகக் கேட்கிறேன். போஸ்டரில் யார் முகம் வரப் போகிறது? உங்கள் மனசில் அவள்தான் இருக்கிறாள் என்றாலும் சொல்லிவிடுங்கள். பஸ் ஜன்னலிலிருந்து ஏதோ ஒரு சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைமைக்கு என்னை விடாதீர்கள். அது மட்டும் என்னால் தாங்க முடியாது.


ஜூலை 5

என் கண்ணே,

சொல்கிறேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் கடிதம் எழுதியபோது உன்னைச் சந்தேகப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன். நாலு வினாடியில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒன்பது கேசட்டையும் கடிகாரம் வைத்துக் கேட்டேன். ஒன்பதிலும் நாலு வினாடி. ஒன்றில்கூட மூன்றில்லை, ஐந்தில்லை. அங்கேதான் எனக்கு இடித்தது. நெட்டை இந்த ஜென்மத்தில் எதையும் நேரத்துக்குச் செய்தவன் இல்லை. தன் கல்யாணத்துக்கே பிந்தி வந்தவன். ஆசையில் ஒருத்தியைப் பிடிக்கிறவன் ஒன்பது ஊரிலும் கணக்காக நாலு வினாடி பிடிக்க மாட்டான். யாரோ அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தது நீதான்.

மூன்றாவது ஊர்க் கேசட்டில், அவன் மேல் வரியைப் பாடும்போது பின்னால் நீயும் பாட முயன்றிருக்கிறாய். அன்றைக்கு வந்துவிடும் என்று நினைத்தாயோ என்னவோ. குரல் ஏறியது, பாதியில் அறுந்தது. அறுந்த பிறகு மைக்கில் ஒரு சின்னச் சத்தம், நீ எச்சில் விழுங்குகிற சத்தம். அதைக் கேட்ட பிறகு நான் இரண்டு நாள் பியானோவைத் திறக்கவில்லை. ஒத்திகையில் ஏன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றும் அப்போதுதான் புரிந்தது. எப்போது திருப்பப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த இடம் வருவதற்குள் பாட்டை நிறுத்தி, முப்பது பேர் முன்னால் நான் அந்தப் பேச்சுப் பேசினேன்.

அதனால்தான் நாலரை. உனக்குத் தெரியாமல் இறக்கிவிடலாம், நீயும் கண்டுகொள்ளாமல் பாடிவிடுவாய் என்று நினைத்தேன். பதினாலு வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியும் இப்படி நினைத்தேன் பார், என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

அணில் விஷயமும் பாதி உண்மை. அவளைப் பாடிக் காட்டத்தான் கூப்பிட்டேன். முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். நீங்கள் நாடகம் போட்ட ஊர்க் கொட்டகைக்காரர்கள் "உச்சி வரலையே" என்று அவருக்கு எழுதியிருக்கிறார்கள். "ஐந்தரை இல்லாத ஐந்தரைய வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? இருபதாம் தேதிக்குள்ள அந்தம்மா தேறலைன்னா இந்தப் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உனக்கு ஜலதோஷம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மனசில் யாரும் இல்லை. நீ இருக்கிற இடத்தில் இன்னொருத்திக்கு நிற்கவும் இடம் இல்லை. ஆனால் போஸ்டர் என் கையில் இல்லை.

உன் கணவன்


ஜூலை 8

உங்களுக்கு,

கடிதத்தை ஒப்பனை அறையில் படிக்க முடியாமல், மேடைக்குப் பின்னால் திரைச்சீலைகள் அடுக்கி வைத்திருக்கிற இடத்தில் போய் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு மறுபடியும் அழுதேன்.

ஐந்து மாதமாகிறது. ஒருநாள் காலையில் குளிக்கும்போது பாடினேன். உச்சி இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. படி இருக்கிறது என்று காலை வைத்தால் தரை இல்லாத மாதிரி இருந்தது. டாக்டரிடம் போனேன். காய்கறி வாங்கப் போவதாக உங்களிடம் சொன்னேன், வாங்காமலே வந்தேன், நீங்களும் கேட்கவில்லை. "நோய் ஒண்ணும் இல்லம்மா, வயசுதான். கீழ எறக்கிப் பாடுங்க, இன்னும் இருபது வருஷம் பாடலாம்" என்றார். அவருக்கு என்ன, அவரை யாரும் ஐந்தரை என்று கூப்பிடுவதில்லை.

ஒத்திகைகளில் தொண்டைக்கு ஓய்வு என்று சொல்லி, உச்சியைப் பாடாமல் உங்களை ஏமாற்றிவிட்டேன். நெட்டையிடம் நானாகச் சொல்லவில்லை. என் தொண்டைக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறவன், அவனாகவே கண்டுபிடித்தான். "அக்கா, நான் திருப்பிடறேன், நீங்க வாய மட்டும் அசைங்க" என்றான். அவன் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் என்னை முதலில் பார்த்தது மேடைக்குக் கீழே நின்று, நான் உச்சியில் நின்றபோது. அன்றைக்கே வந்து பெண் கேட்டீர்கள். நீங்கள் கல்யாணம் செய்துகொண்டது என்னையா, அந்த ஐந்தரைக் கட்டையையா? இதுவரை கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இதுதான் பயம். முதலாளி பயம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இப்போது தொழில் விஷயம். உங்கள் நாலரை எனக்கு வேண்டாம். அது பரிதாபப்பட்டு இறக்கியது. அங்கே நின்று பாடினால் பழைய உச்சியை எட்டிப் பார்த்துக்கொண்டே பாடுகிறேன். அணிலுக்குக் கொடுங்கள், அவளுக்கு அழகாக இருக்கும். தங்கச்சி வேஷத்துக்கு ஆள் வேண்டுமே. நேற்றுக் காலை காலி அரங்கத்தில், யாரும் இல்லாதபோது, இறங்கிக்கொண்டே போனேன். மூன்று கட்டையில் ஒரு குரல் இருந்தது. எனக்கே அது யார் என்று தெரியவில்லை. மைக் அண்ணன் மேலே அறையில் இருந்தது தெரியாது. இறங்கி வந்து, "பதிஞ்சிட்டேம்மா. அனுப்பட்டுமா?" என்றார். அந்த மனிதர் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை.

கேசட் இத்துடன் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் அன்பாக எதுவும் எழுதாதீர்கள். நேராகச் சொல்லுங்கள்.


ஜூலை 12

என் கண்ணே,

கேசட் வந்தபோது முதலாளி நம் வீட்டில் இருந்தார். போஸ்டர் ஓவியரையும் கூட்டிக்கொண்டு வந்து, "அந்தம்மாவா, அணிலா? இப்பச் சொல்லு" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உறையைக் கிழித்து, நான்கூட முதலில் கேட்காமல், அப்படியே போட்டேன்.

முதல் வரிக்கு எனக்கும் யார் என்று தெரியவில்லை. மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். இரண்டாவது வரிக்கு முன்னால் நீ மூச்சு எடுத்தாய். மூக்கால், சின்னதாக, பாதியில் ஒரு தடங்கலோடு. பதினாலு வருஷமாகத் தினமும் என் தலையணைக்குப் பக்கத்தில் கேட்கிற மூச்சு. நான் யாரைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று கேட்டிருந்தாயே, இந்த மூச்சை விடுகிறவளைத்தான். உச்சி உள்ளவளைப் பார்க்க வந்தேன், உண்மைதான். இருந்தது உன்னோடுதான்.

பாட்டு முடிந்ததும் முதலாளி எழுந்து நின்றார். கை தட்டவில்லை. கதவைச் சாத்தினார். பிறகு என் பக்கத்தில் வந்து காதோடு காதாகக் கேட்டார்.

"யாருய்யா இது?"

நான் கேசட்டை வெளியே எடுத்தேன்.

"எங்க புடிச்ச? எத்தன நாளாப் பழக்கம்? வீட்டுக்குத் தெரியுமா?"

நான் கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். குற்றமுள்ளவன் மறைக்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"உன் சொந்த விஷயத்துல நான் தலையிட மாட்டேன். ஆனா இவதான்யா கதாநாயகி. இந்தப் புதுப் பொண்ணு மொகம்தான் போஸ்டர்ல. ஐந்தரை அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு. நான் சொன்னா சாமியாடிடும். நல்லாப் பாடின அம்மாதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது முடிஞ்சுபோச்சு."

சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஓவியர் முகம் கேட்கிறார். பத்தொன்பதாம் தேதிக்குள் அந்தப் புதுப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. உன் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேனாம்.

உன் கணவன்


ஜூலை 15

என்னவருக்கு,

உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று, உங்கள் சம்சாரத்திடம் நானே பக்குவமாகச் சொல்லிவிட்டேன். இங்கே ஒப்பனை அறையில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். நல்லாப் பாடினாய், முடிந்துபோயிற்று என்று சொன்னேன்.

சாமியாடவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். ஒரே ஒரு தடவை, கடைசியாக, மேலே போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். போய்ப் பார் என்றேன். போனாள். வரவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

புதுப் பெண் பத்தொன்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறாள். கம்பெனியில் அவளை யாருக்கும் தெரியாது. முதலாளியிடம் என்ன சொல்வது என்றும் தெரியாது. அவளுக்கு நிரம்பப் பயமாக இருக்கிறதாம்.

ஸ்டேஷனுக்கு வாருங்கள்.